நாற்றங்காலின் கதை: மாண்ட்ரியல் ராயல்ஸ் அணி (1897–1960)

வட அமெரிக்காவின் தொழில்முறைப் பேஸ்பால் ஆட்டம் இரு படிநிலைகளைக் கொண்டது. ‘மேஜர் லீக்’ எனப்படும் மேல்நிலையில் பெருநகர அணிகள் சில. ‘மைனர் லீக்’ எனப்படும் கீழ்நிலையில் பிற ஊர்களின் அணிகள் பல. கீழ்நிலை அணிகளைத் தொடக்கத்தில் உள்ளூர் முதலாளிகளே நடத்திவந்தனர். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி இந்நிலையை மாற்றினார். சிறிய அணிகளை விலைக்கு வாங்கியும் ஒப்பந்தத்தால் பிணைத்தும், இளம் ஆட்டக்காரர்களை அவற்றில் பழக்கி, தேறியவர்களை மேலே எடுத்துக்கொள்ளும் முறையை அவர் வகுத்தார். அமெரிக்கர் அதற்கு இட்ட பெயர் ‘பண்ணை’. உழவு அறிந்த தமிழர் அதனை நாற்றங்கால் என்றே சொல்வர். நாற்றங்காலில் எந்த நாற்றும் கதிர் முற்றும்வரை நிற்பதில்லை. செழித்து எழுந்தவுடன் பறிக்கப்பட்டு வேறு வயலில் நடப்படும். விளைச்சலின் பெருமை வயலுக்கே சேரும்.

கனடா நாட்டின் மாண்ட்ரியல் ராயல்ஸ் அத்தகைய நாற்றங்கால்களுள் ஒன்று. 1960-ஆம் ஆண்டுடன் மறைந்துவிட்ட அந்த அணி, 1946-இன் கோடையில் அமெரிக்க இனவரலாற்றின் ஒரு பெருந்திருப்பத்துக்குக் களமாக அமைந்தது. அந்தக் கோடை பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதற்கு இடந்தந்த அணியின் தோற்றமும் முடிவும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

தோற்றமும் மறுபிறப்பும்

மாண்ட்ரியலில் ராயல்ஸ் அணி 1897-இல் ஆடத் தொடங்கியது. மறு ஆண்டே தன் லீக்கில் முதலிடம் பெற்றது. எனினும் அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த நிலை நீடிக்கவில்லை. முதல் உலகப் போரின் நடுவே, 1917-இல், அணி கலைந்தது.

பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 1928-இல் அது மீண்டும் எழுந்தது. பேஸ்பால் உலகில் பெயர்பெற்ற பயிற்சியாளர் ஜார்ஜ் ஸ்டாலிங்ஸ், கியூபெக் மாநில அரசியலில் முக்கியமானவராக விளங்கிய அத்தனாஸ் டேவிட், வணிகர் எர்னஸ்ட் சவார் ஆகியோர் இதற்கு முன்னின்றனர். டெலொரிமியே சாலையும் ஒன்டாரியோ தெருவும் சந்திக்கும் இடத்தில் ஏறத்தாழ 20,000 பேர் அமரத்தக்க அரங்கம் எழுப்பப்பட்டது. பிரெஞ்சு பேசும் தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே அமைந்த அந்த அரங்கம், அணிக்கு உண்மையான ஊர்ச்சொந்தத்தைத் தேடித் தந்தது.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அணி கடனில் தத்தளித்தபோது உள்ளூர் வணிகர் சிலர் அதனைத் தாங்கினர். அவர்களுள் ஒருவர் சார்லஸ் எமில் ட்ரூடோ; பிற்காலத்தில் கனடாவின் பிரதமரான பியர் ட்ரூடோவின் தந்தை. அவர் 1935 ஏப்ரலில், புளோரிடாவில் நடந்த அணியின் இளவேனிற் பயிற்சிக்குச் சென்றிருந்த இடத்தில் காலமானார். அந்த ஆண்டிலேயே ராயல்ஸ் தன் லீக்கில் முதலிடம் பெற்றது. 1939-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அன்று முதல் ராயல்ஸ் புரூக்ளினின் தலைமை நாற்றங்காலாயிற்று. ‘பண்ணை’ முறையை வகுத்த ரிக்கியே 1942-இன் இறுதியில் புரூக்ளினின் பொறுப்பை ஏற்றார்.

அடைபட்ட கதவு

ராயல்ஸ் ஆடிய இன்டர்நேஷனல் லீக், அமெரிக்காவிலும் கனடாவிலும் அணிகளைக் கொண்டிருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்களுடன் இனி ஒப்பந்தம் கூடாது என்று 1887 ஜூலையில் முடிவெடுத்தவர்கள் அந்த லீக்கின் நிர்வாகிகளே. சிராக்கியூஸ் நகர அணியில் எஞ்சியிருந்த ஃபிளீட்வுட் வாக்கரும் 1889-இல் வெளியேறினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த லீக்கில் கறுப்பர் ஒருவரும் ஆடவில்லை. மேஜர் லீக்கிலும் அதே நிலை. எழுதப்படாத விதி என்றே அது அழைக்கப்பட்டது. கறுப்பின ஆட்டக்காரர்கள் தமக்கெனத் தனி லீக்குகளை அமைத்துக்கொண்டனர்.

1945 ஆகஸ்டு 28 அன்று ரிக்கி, கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்னும் கறுப்பர் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஜாக்கி ராபின்சனைப் புரூக்ளினுக்கு அழைத்துப் பேசினார். ஏச்சுகளையும் தாக்குதல்களையும் திருப்பித் தாக்காமல் பொறுக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அக்டோபர் 23 அன்று மாண்ட்ரியலில், அணித் தலைவர் எக்டர் ரசீன் முன்னிலையில் ராபின்சன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். முன்பணம் 3,500 டாலர். மாதச் சம்பளம் 600 டாலர். மோனார்க்ஸ் அணிக்கு இழப்பீடாக ஒரு டாலரும் தரப்படவில்லை. கறுப்பர் லீக்குகளின் சிதைவுக்கு அந்தக் கையெழுத்தே தொடக்கமாயிற்று என்பதையும் சேர்த்தே அந்த நாளை மதிப்பிட வேண்டும்.

1946: பயிற்சியிலிருந்து களத்துக்கு

1946-இன் இளவேனிற் பயிற்சி புளோரிடாவில் நடந்தது. தென்மாநிலங்களின் இனப்பிரிவினைச் சட்டங்கள் அணியை ஊர் ஊராக விரட்டின. சான்ஃபோர்டில் தங்க இயலாமல் ராபின்சன் வெளியேற நேர்ந்தது. ஜாக்சன்வில்லில் அரங்கத்துக்கே பூட்டுப் போடப்பட்டது. டிலாண்டில் விளக்குகள் பழுது என்று ஆட்டத்தை நிறுத்தினர். அது பகலில் நடக்கவிருந்த ஆட்டம். டேடோனா பீச் நகரம் மட்டும் இடங்கொடுத்தது. மார்ச் 17 அன்று அங்கு ராபின்சன் ராயல்ஸ் சீருடையில் ஆடினார்.

அணியின் பயிற்சியாளர் கிளே ஹாப்பர் மிசிசிப்பி மாநிலத்தவர். கறுப்பர் ஒருவரை மனிதர் என்றே கருதுகிறீர்களா என்று அவர் ரிக்கியிடம் கேட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. ஆண்டு முடிவில் அதே ஹாப்பர் ராபின்சனின் கையைக் குலுக்கிப் பாராட்டி விடைகொடுத்தார்.

ஏப்ரல் 18 அன்று ஜெர்சி சிட்டியில் தொடக்க ஆட்டம். ஐந்து வாய்ப்புகளில் நான்கு அடிகள், ஒரு ஹோம் ரன், தளம் திருடியது இருமுறை, தாமே ஓடி எடுத்த ஓட்டங்கள் நான்கு என ராபின்சன் ஆடினார். ராயல்ஸ் 14–1 என வென்றது. ஆனால் பால்டிமோரில் அரங்கமே அவரை ஏசியது. சிராக்கியூஸில் எதிரணியினர் கறுப்புப் பூனையொன்றைக் களத்துக்குள் எறிந்தனர். அடக்கிவைத்த சினம் உடலைத் தாக்கியது; கோடையின் பிற்பகுதியில் மருத்துவர் அவரை ஓய்வெடுக்கச் சொன்னார். இத்தனைக்கும் இடையே அந்த ஆண்டின் மட்டைவீச்சுச் சராசரியில் லீக்கின் முதலிடம் அவருக்கே. அவரது சராசரி .349; அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 349 அடிகள் என்னும் விகிதம். ராயல்ஸ் 100 ஆட்டங்களில் வென்றது. அதன் சொந்த அரங்கத்துக்கு அந்த ஆண்டு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

மாண்ட்ரியலின் வில்லரே பகுதியில், டி காஸ்பே சாலையில் ராபின்சனும் மனைவி ரேச்சலும் வாடகைக்குக் குடியிருந்தனர். அமெரிக்காவில் வீடு தேடிப் பழகியிருந்த ரேச்சல், மறுப்பை எதிர்பார்த்தே அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். வீட்டுக்காரப் பெண்மணி தேநீர் கொடுத்து வரவேற்று, தம் பாத்திரங்களையும் துணிகளையும் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். ரேச்சல் கருவுற்றிருப்பதை அறிந்த அண்டைவீட்டுப் பெண்கள் தங்கள் பங்கீட்டுச் சீட்டுகளையும் கொடுத்து உதவினர். பிரெஞ்சு மட்டுமே அறிந்த அவர்களுக்கும் ஆங்கிலம் மட்டுமே அறிந்த ரேச்சலுக்கும் பொதுமொழி இருக்கவில்லை.

அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில் ராயல்ஸ், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் கர்னல்ஸ் அணியைச் சந்தித்தது. முதல் மூன்று ஆட்டங்கள் லூயிவில்லில். கறுப்பர்களுக்கு விற்கப்படும் நுழைவுச்சீட்டுகளை அங்கு மட்டுப்படுத்தினர். வெள்ளையர் கூட்டம் ராபின்சனை விடாது ஏசியது. பதினொரு வாய்ப்புகளில் அவருக்கு ஒரே அடிதான் கிட்டியது. ராயல்ஸ் இரண்டு ஆட்டங்களில் தோற்றது. செய்தியறிந்திருந்த மாண்ட்ரியல் மக்கள், நான்காம் ஆட்டத்துக்கு வந்த லூயிவில் அணியினர் ஒவ்வொருவரையும் கூச்சலிட்டுக் கேலிசெய்தனர். அன்று பத்தாவது சுற்றில் ராபின்சனின் அடியாலேயே வெற்றி வந்தது. அடுத்த இரண்டையும் வென்று அக்டோபர் 4 அன்று ராயல்ஸ் வாகை சூடியது.

அன்று கூட்டம் கலைய மறுத்தது. ராபின்சனைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. விமானத்தைப் பிடிக்க ஓடியவரைத் தெருவிலும் துரத்தியது. வெள்ளையர் திரள் ஒன்று கறுப்பர் ஒருவரைக் கொல்வதற்காக அல்லாமல் அன்பினால் துரத்திய நாள் வரலாற்றில் அதுவே முதலாவதாக இருக்கலாம் என்னும் பொருள்பட, பத்திரிகையாளர் சாம் மால்டின் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ இதழில் எழுதினார்.

நகரின் மறுபக்கம்

இக்காட்சியைக் கொண்டு மாண்ட்ரியலை நிறவேற்றுமை அறியாத நகரம் எனக் கொள்வோர் உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1936-இல் அதே நகரின் ஃபோரம் அரங்கிலிருந்த மதுக்கூடத்தில், கறுப்பர் என்ற காரணத்தால் ஃபிரெட் கிறிஸ்டி என்பவருக்குப் பீர் வழங்க மறுத்தனர். அவர் வழக்குத் தொடுத்தார். வணிகர் தம் விருப்பம்போல் வாடிக்கையாளரை மறுக்கலாம் என்று 1939 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராபின்சன் வந்தபோதும் அத்தீர்ப்பே நடைமுறையில் இருந்தது. புனித அந்துவான் தெருவை ஒட்டி வாழ்ந்த மாண்ட்ரியலின் கறுப்பர் பலருக்கு இரயில் பெட்டிகளில் ஊழியம் செய்வதைத் தவிர வேறு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது.

ஆகவே 1946-இன் அன்பு, நகரத்தின் சட்டத்திலிருந்தோ வழக்கத்திலிருந்தோ பிறந்ததன்று. தம் அணிக்காக ஆடும் ஒருவரைத் தம்மவராகக் கொண்ட எளிய மக்களிடமிருந்து பிறந்தது. அதன் எல்லையை அறிந்து சொல்வதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. அது எத்துணை அரிது என்பதே புலப்படும்.

பறிக்கப்பட்ட நாற்றுகள்

1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் புரூக்ளின் அணியில் களமிறங்கினார். மாண்ட்ரியலுக்கு அவர் கிடைத்தது ஒரே ஓர் ஆண்டு. அவர் வழியே ராய் காம்பனெல்லா, டான் நியூகோம்ப், ஜிம் கில்லியம், சாண்டி அமோரோஸ் முதலிய கறுப்பின ஆட்டக்காரர்கள் ராயல்ஸில் பழகி மேலே சென்றனர். 1950 முதல் 1953 வரை ராயல்ஸின் பயிற்சியாளராக இருந்த வால்டர் ஆல்ஸ்டனையும் புரூக்ளின் எடுத்துக்கொண்டது. 1955-இல் புரூக்ளின் தன் வரலாற்றின் ஒரே உலகத் தொடர் வெற்றியை ஈட்டியபோது, அந்த அணியின் வலிமை பெரும்பாலும் மாண்ட்ரியலில் விளைந்ததே.

எல்லா நாற்றும் உரிய வயலைச் சேரவில்லை. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த இளைஞர் ராபர்ட்டோ கிளமெண்டே 1954-இல் ராயல்ஸில் இருந்தார். களமிறங்கிய ஆட்டங்கள் குறைவு. அந்த ஆண்டின் நவம்பரில் லீக் விதிகளைப் பயன்படுத்திப் பிட்ஸ்பர்க் அணி அவரைக் கவர்ந்துகொண்டது. அவரது பெரும்புகழ் அனைத்தும் அங்கேயே விளைந்தது.

மேலே போகாமல் மாண்ட்ரியலுக்கே வாய்த்தவரும் உண்டு. பந்து வீச்சாளர் டாமி லசோர்டா, ராயல்ஸுக்காக மிகுதியான வெற்றிகளை ஈட்டியவர். மேஜர் லீக்கில் அவர் ஆடியவை 26 ஆட்டங்களே, வெற்றி ஒன்றுமில்லை. அவரே பின்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் பயிற்சியாளராகி, 1981-இலும் 1988-இலும் உலகத் தொடரை வென்று தந்தார்.

முடிவு

1949-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 59 மைனர் லீக்குகள் இயங்கின. அடுத்த பத்தாண்டில் தொலைக்காட்சி பெருநகர ஆட்டங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சிற்றூர் அரங்கங்கள் காலியாயின. ராயல்ஸுக்கு வேறோர் இடியும் விழுந்தது. 1957-ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முடிந்ததும் டாட்ஜர்ஸ் புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. இரவு இரயிலில் சென்று சேரும் தொலைவிலிருந்த தாய் அணி, கண்டத்தின் மறுகோடிக்குப் போயிற்று. 1958-இல் ராயல்ஸ் மீண்டும் லீக்கில் முதலிடம் பெற்றும் மக்கள் முன்போல வரவில்லை. 1960-இன் ஆட்டங்களுடன் அணி முடிவுக்கு வந்தது. புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு அரங்கத்தை இடிக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ராயல்ஸின் லீக் உரிமை 1961-இல் சிராக்கியூஸுக்குச் சென்றது. ஃபிளீட்வுட் வாக்கர் வெளியேறியதும், ராபின்சன்மீது பூனை எறியப்பட்டதும் அவ்வூரில்தான்.

1969-இல் மாண்ட்ரியலுக்கு எக்ஸ்போஸ் என்னும் மேஜர் லீக் அணியே கிடைத்தது. அதுவும் 2004-க்குப் பின் வாஷிங்டனுக்குச் சென்றுவிட்டது. டெலொரிமியே அரங்கம் நின்ற இடத்தில் பின்னர்ப் பள்ளிக்கூடம் எழுந்தது. டி காஸ்பே சாலை வீட்டின் சுவரில் 2011-இல் அமெரிக்க அரசின் சார்பில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

பேஸ்பால் ஏடுகளில் ராபின்சனின் பெயர் புரூக்ளினோடு சேர்த்தே எழுதப்படுகிறது. அது பிழையன்று, பத்தாண்டுகள் அவர் ஆடியது அங்கேதான். ஆயினும் வசையும் பூட்டிய கதவும் மட்டுமே கண்டுவந்த ஒருவருக்கு, வெல்லவும் முடியும், வீடு திரும்பவும் முடியும் என்னும் உறுதியை முதலில் அளித்தது, நிலையாக எவரையும் வைத்துக்கொள்ள இயலாத ஓர் அணியும் அதன் மக்களுமே. நாற்றங்கால் இல்லாத ஊரில் நடவு நடப்பதில்லை என்பதற்கு ராயல்ஸின் வரலாறு சான்றாக நிற்கிறது.