ஒன்பது சத முத்திரையும் கொழுந்து பறித்த பெண்ணும்

தபால் முத்திரையில் எதனைப் பதிப்பது என்று தீர்மானிக்கும்போதே, எது தன் பெருமை என்பதை ஓர் அரசு சொல்லிவிடுகிறது. இலங்கையின் முத்திரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும் எண்ணம் இது.

ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் காலத்தில், 1935இல், ஒரு காட்சித் தொகுதி வெளிவரத் தொடங்கியது. சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம், தலதா மாளிகை, காட்டு யானைகள் என நாட்டின் எழிலும் மரபும் அதில் இடம்பெற்றன. ஒன்பது சத முத்திரையில் பதிந்ததோ தேயிலைக் கொழுந்து பறிக்கும் காட்சி. பசறையிலும் பதுளையிலும் மலைச்சரிவுகளில் கூடை சுமந்த பெண்களின் உழைப்பு, இவ்வாறு நாட்டின் அடையாளங்களுள் ஒன்றாகக் கடல் கடந்து சென்றது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளையில் வென்றவர் எஸ். எம். சுப்பையா. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட 1867ஐத் தொடக்கமாகக் கொண்டு, 1967இல் தேயிலைத் தொழிலின் நூற்றாண்டு நினைவு முத்திரைகள் வெளியாயின. அப்போது அத்தொழிலாளரின் நிலை என்ன? 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னொரு தீர்வுக்கு ஒதுக்கியிருந்தது. அவ்வொப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் நிறைவேறியதும் அதே 1967இல்தான். தேயிலைக்கு நூற்றாண்டு விழா. அதைப் பறித்தவளுக்கோ எந்த நாடு என்ற விசாரணை.

எஞ்சிய நாடற்றோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே முடிவு கண்டது. ஆயினும் ஒரு குறை நீடித்தது. மலையகச் செய்திகளைத் தொகுத்த காலத்தில் நான் பலமுறை கேட்ட முறைப்பாடு அது. லயன் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, யார் கையிலோ கொடுத்தனுப்பப்படும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நாள் கழிந்தபின் கிடைத்தவர்களும் உண்டு.

மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். நினைவு முத்திரைகள் வேண்டியவைதாம். ஆனால், அம்முத்திரை ஒட்டிய கடிதம் பசறையின் லயன் ஒன்றில் வாழும் பெண்ணுக்கு, அவள் பெயரில், அவள் வாசலிலேயே கிடைக்கவேண்டும். அதுவே அவளுக்குச் செய்யும் மெய்யான மரியாதை.