ஹொட்டூர்க் கல்வெட்டும் நாமும்

கருநாடக மண்ணில் வாழும் தமிழர்களாகிய நாம் நாலு பேர் கூடிப் பழம்பெருமை பேசினால் சோழர் பெயர் வராமல் போகாது. வருவதற்கு நியாயமும் இருக்கிறது. பெங்களூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தமிழ்க் கல்வெட்டு கண்ணில் படும். மடிவாளா சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு 'வெங்களூர்' என்று நம்ம ஊரையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. தொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்துகளைப் பார்க்கலாம். கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. போர்க்காட்சி செதுக்கிய பலகைக் கல்லும் இருக்கிறது. கி.பி. 1004 வாக்கில் கங்கர்களின் தலக்காடு சோழர் கைக்கு வந்து இராசராசபுரம் ஆயிற்று. கோலார் வட்டாரம் நிகரிலிச் சோழ மண்டலம் ஆயிற்று. இதெல்லாம் நம்மவர்களுக்கு மனப்பாடம்.

இந்தப் பட்டியலில் நாம் சேர்க்காத கல்வெட்டு ஒன்று உண்டு. இன்றைய ஆவேரி மாவட்டத்தில் ஹொட்டூர் என்று ஒரு கிராமம். அங்கே கிடைத்த கன்னடக் கல்வெட்டின் காலம் சக ஆண்டு 929, அதாவது கி.பி. 1007-08. மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயன் காலத்தது. அதில் உள்ள செய்தி இது: இராசராச நித்தவினோதனின் மகன் இராசேந்திர வித்தியாதரன் 9 லட்சம் பேர் கொண்ட படையோடு வந்தான். தோனூரில் பாசறை இட்டான். நாடு முழுவதையும் சூறையாடினான். பெண்களையும் பிள்ளைகளையும் பிராமணர்களையும் கொன்றான். கன்னிப் பெண்களைக் கவர்ந்தான், சாதி ஒழுங்கைக் குலைத்தான். பின் சத்தியாசிரயன் அவனைத் துரத்தி, அவன் பொருள்களைக் கைப்பற்றினான். இந்த வெற்றிக்காக அந்தக் கல் சத்தியாசிரயனுக்குக் கொடுக்கும் பட்டம் 'திகுளமாரி'. திகுளர் என்றால் தமிழர். திகுளமாரி என்றால் தமிழருக்கு எமன்.

இங்கே ஓர் இடைச்செருகல். அதே சொல் இன்று பெங்களூரில் வேறு வாழ்வு வாழ்கிறது. தோட்டக்கலைக்குப் பெயர் போன திகளர் சமூகத்தார்தான் சித்திரைப் பௌர்ணமியில் தருமராயர் கோயில் கரகத்தை எடுக்கிறார்கள். காட்டன்பேட்டைத் தர்காவுக்கும் போய் வரும் அந்தக் கரகம் இந்த நகரத்தின் தலையாய திருவிழா. கல்லில் பகையாகப் பொறித்த பெயரை ஊர் தன் திருவிழாவோடு சேர்த்துக் கொண்டாடுகிறது.

விஷயத்துக்கு வருவோம். ஹொட்டூர்க் கல்வெட்டைப் படித்ததும் நம் மனசு முதலில் தேடுவது தப்பிக்கும் வழியைத்தான். "எதிரி எழுதியது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லத் தோன்றும். ஓரளவு சரியே. 9 லட்சம் பேருக்கு அந்தக் காலத்தில் சோறு போட்டு நடத்திக்கொண்டு போவது நடக்கிற காரியமில்லை. பெண் கொலை, பிராமணக் கொலை என்று எதிரியைத் தூற்றுவது அக்காலக் கல்வெட்டுகளின் வாய்ப்பாடு என்றும் வாதிடலாம். அறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றை எழுதும்போது இந்தச் செய்தியை மறைக்காமல் எடுத்து வைத்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எதிரியின் வாக்கு வேண்டாம் என்றால் நம் பக்கத்து வாக்கையே பார்ப்போம். இராசாதிராச சோழனின் மெய்க்கீர்த்தி, ஈழப் போரில் அந்நாட்டரசன் ஒருவனின் தாயை மூக்கரிந்ததாகச் சொல்கிறது. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, சாமுண்டராசன் என்ற சாளுக்கியத் தண்டநாயகனின் தலையை அறுத்ததோடு, அவனுடைய ஒரே மகள் நாகலையின் மூக்கையும் அரிந்ததாகச் சொல்கிறது. அவள் மயில் போன்ற அழகி என்ற வருணனை வேறு! இது புகார் அல்ல. கோயில் சுவர்களில் தமிழில் வெட்டி வைத்த பெருமை. தஞ்சைக் கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகர் சிலை நிற்கிறது. கலியாணபுரத்தை, அதாவது இன்றைய பீதர் மாவட்டத்துப் பசவகல்யாணத்தை, எரித்து எடுத்து வந்தது என்று அதன் பீடமே தமிழில் சொல்லுகிறது. ஆக, அளவு மிகைப்பட்டிருக்கலாமே தவிர, ஹொட்டூர்க் கல்வெட்டு அடிப்படையே இல்லாத பொய் என்று நாம் தள்ள முடியாது.

அடுத்த தப்பு வழி: "அந்தக் காலத்து யுத்தம் அப்படி. இன்றைய அளவுகோலை வைத்து அளக்கலாமா?" இதைத்தான் நான் ஏற்கமாட்டேன். அளவுகோல் அன்றைக்கே இருந்தது, அதுவும் தமிழிலேயே இருந்தது. புறநானூற்றின் 9ஆம் பாட்டில் நெட்டிமையார், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை எதற்காகப் புகழ்கிறார்? அம்பு விடுவதற்கு முன்னால் பசுக்களும், பார்ப்பனரும், பெண்களும், நோயாளிகளும், பிள்ளைப்பேறு இல்லாதவரும் பாதுகாப்பான இடம் போய்ச் சேருங்கள் என்று அறிவிக்கும் அறத்துக்காக. சோழருக்குப் பல நூற்றாண்டு முந்திய பாட்டு அது. மீறியவர்களுக்கு விதி தெரியாமல் இல்லை. கோபமே உருவாக மதுரையை எரித்த கண்ணகிகூட முதியோரையும் குழந்தைகளையும் விலக்கச் சொன்னாள் என்றுதானே சிலம்பு பேசுகிறது.

சரி, நடந்தது தவறு. அந்தத் தவறு இன்றைக்கு யார் தலையில் விழுகிறது? "எவனோ ராசா ஆயிரம் வருஷத்துக்கு முன்னால செஞ்சதுக்கு நான் என்னய்யா பண்ண முடியும்?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் பழைய சட்டமே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. தந்தை பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்பது தரும சாத்திரம். ஆனால் சூதாட்டக் கடன், குடிக்கடன், அரசன் விதித்த தண்டத்தில் பாக்கி இவற்றை மகன் கொடுக்க வேண்டியதில்லை என்று மனுவே விலக்குகிறது. தண்டனை செய்தவனோடு முடிகிறது. தந்தையின் கடன் மகனின் புண்ணியக் கடமை என்ற அந்த விதியையும் 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம் எடுத்துவிட்டது. ஊழ்வினைக் கொள்கையும் வினையைச் செய்த உயிரிடம்தான் கட்டுகிறது. பேரன் கணக்கில் எழுதுவதில்லை.

கன்னட நாட்டுக் கல்வெட்டு ஒன்றே இதைச் சொல்வதுபோல் இருக்கிறது. கவரவாடு என்ற ஊரில் கிடைத்த 1071-72 காலத்துக் கல்வெட்டு, சோழன் தன் குல ஒழுக்கம் தவறி பெள்வொல நாட்டில் புகுந்து கோயில்களையும் அண்ணிகேரிச் சமணப் பள்ளிகளையும் எரித்தான் என்கிறது. கோபம் ஹொட்டூருக்குக் குறைந்ததல்ல. ஆனால் அடுத்து என்ன சொல்கிறது பாருங்கள்: அந்தச் சோழன் போரில் சோமேசுவரனிடம் தன் தலையைக் கொடுத்து அந்தப் பாவத்தின் பலனை அடைந்தான். கொப்பத்துப் போரில் யானைமேல் துஞ்சிய இராசாதிராசனைத்தான் சொல்கிறது. செய்தவன் பெயரைச் சொல்லி அவனோடு கணக்கைத் தீர்த்துவிட்டது. ஹொட்டூர்க் கல்லோ ஓர் அரசனின் குற்றத்தைச் சொல்லத் தொடங்கி ஓர் இனத்தின் பெயரில் முடித்தது.

இந்த இரண்டாவது வகைக் கணக்கு எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த கையோடு இந்த நகரத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தண்ணீர் வழக்கில் எந்த வாதமும் செய்யாத கூலிக்காரன், பெட்டிக்கடைக்காரன் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அவர்கள் செய்த குற்றம் பேசிய மொழி ஒன்றுதான். அல்சூரில் திருவள்ளுவர் சிலை அதற்குப் பின் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. இனத்தின் மேல் பழி போடுவதை நாம் மறுக்கிறோம் என்றால், நமக்குச் சாதகமான இடத்திலும் மறுக்க வேண்டும். நாளைக்கு ஒரு சிங்களப் பள்ளிப் பிள்ளையையோ ஒரு சப்பானியச் சுற்றுலாப் பயணியையோ பார்த்து "நீங்கள் செய்தது" என்று நாம் சொல்லக் கூடாது.

சப்பானை ஏன் இழுக்கிறேன் என்றால், அங்கே நாம் அடிபட்ட தரப்பு. 1942-43இல் சயாம்-பர்மா இரயில் பாதை 415 கிலோமீட்டர் போடப்பட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். செத்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலான மதிப்பீடு. அதில் தமிழர் பங்கு மிகப் பெரிது. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த வரிசை வரிசையான கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோர் காட்டில் பெயரில்லாமல் புதைந்தார்கள். இன்றைய சப்பானிய இளைஞனிடம் நாம் என்ன கேட்கிறோம்? அவனைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. "நடந்தது என்று உன் பாடப்புத்தகத்தில் எழுது" என்றுதான் கேட்கிறோம். 2015 ஆகஸ்டில் பிரதமர் ஷின்சோ அபே, போரோடு தொடர்பில்லாத பேரப்பிள்ளைகளை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும் நிலைக்கு ஆளாக்கக் கூடாது என்று பேசியபோது நமக்குச் சுருக்கென்றது. அதே பேச்சில், கடந்ததைத் தலைமுறை தாண்டியும் நேராகப் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

செருமானியர்கள் இதில் கொஞ்சம் ஆழமாகவே உழைத்திருக்கிறார்கள். கார்ல் யாஸ்பர்ஸ் என்ற தத்துவ அறிஞர் 1946இலேயே குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டப்படியான குற்றமும் மனச்சாட்சிக் குற்றமும் தனி மனிதனுடையவை. அரசு செய்ததன் விளைவுக்குப் பொறுப்பேற்பது குடிமக்கள் எல்லாருக்கும் உரியது. நான்காவது, கொடுமை நடக்கும்போது நாம் மட்டும் உயிரோடிருந்தோமே என்ற உறுத்தல். இந்தப் பகுப்பை நம் வழக்குக்கு அப்படியே ஒட்ட முடியாது. செருமன் அரசு தொடர்கிறது, இழப்பீடு கொடுக்க அதற்குக் கருவூலம் இருக்கிறது. சோழ அரசுக்கு 13ஆம் நூற்றாண்டோடு சரி. அதன் கடைசிக் காலத்தில், 1231 வாக்கில் கோப்பெருஞ்சிங்கனிடம் சிறைப்பட்ட மூன்றாம் இராசராசனை மீட்டு அரியணையில் உட்கார வைத்தது யார் தெரியுமா? கன்னட நாட்டுப் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன்! சோழ ராச்சியத்தை நிலைநிறுத்தியவன் என்ற பட்டத்தையே அவன் சூட்டிக்கொண்டான். இதில் எந்த நாடு எந்த நாட்டுக்கு எவ்வளவு பாக்கி என்று யார் கூட்டிக் கழிப்பது?

இன்னொன்றும் உண்டு. பெங்களூர்த் தமிழரில் பெரும்பாலோர் இராசேந்திரன் படையோடு வந்தவர்களின் வாரிசுகள் அல்லர். 1809இல் தண்டு உண்டான பிறகு பட்டாளத்தோடும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள், 1880களிலிருந்து கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர்கள், ஆலைக்கு வந்தவர்கள், பிறகு கணினி வேலைக்கு வந்தவர்கள். சுரங்கத்தில் நுரையீரல் கெட்டுச் செத்தவனின் பேரனுக்கு இராசேந்திரன் விட்டுப்போன சொத்து என்ன? ஒன்றுமில்லை. அப்படியென்றால் பழியும் இல்லை.

ஆனால் சொத்து இல்லை என்றா நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? "கடாரம் கொண்டோம், கங்கை கொண்டோம்" என்று மேடையில் சொல்லும்போது அந்த 'ஓம்' யார்? கல்கியின் நாவலும், 2022, 2023இல் வந்த அதன் திரைப்படங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த 'ஓம்'-ஐ இன்னும் இனிப்பாக்கிவிட்டன. சத்தியாசிரயனை வென்று வந்து இராசராசன் பொற்பூக்களைப் பெரிய கோயிலுக்குக் காணிக்கை தந்ததைச் சொல்லுகிறோம். அந்தப் பொன் வந்த வழி தோனூர் வழியாகப் போகிறது என்பதைச் சொல்வதில்லை. சட்டத்தில் ஒரு நியாயம் உண்டு: செத்தவன் சொத்தை எடுத்துக்கொண்டவன், எடுத்த சொத்தின் அளவுக்கு அவன் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டும். சோழர் பெருமையில் பங்கே வேண்டாம் என்பவரை ஹொட்டூர் ஒன்றும் செய்யாது. வெற்றிக்கு 'நாம்', கொடுமைக்கு 'அவர்கள்' என்று இலக்கணத்தை மாற்றிக்கொள்வதுதான் செல்லாது. அந்தப் பதில் மன்னிப்பாக இருக்க வேண்டியதில்லை. கேட்பதற்கு அங்கே யாரும் உயிரோடில்லை. வெற்றியைச் சொல்கிற அதே மூச்சில் முழுச் செய்தியையும் சொல்வதே பதில்.

இது தமிழருக்கு மட்டும் சொல்வதில்லை. வாதாபியை நரசிம்மவர்ம பல்லவன் 642இல் அழித்தான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, இரண்டாம் புலிகேசியின் எள்ளுப்பேரன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் வெற்றியோடு நுழைந்தான். பழி தீர்க்க அவனுக்கு இருந்த காரணம் சிறிதா? கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதை எடுக்காமல் இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான். அந்தச் செய்தி கன்னடத்தில் அந்தக் கோயில் தூணிலேயே இருக்கிறது. பல்லவர் தலைநகரின் நடுவே, நரசிம்மவர்மன் வழிவந்தவர்கள் கட்டிய கோயிலில்!

கோலாருக்கும் தலக்காட்டுக்கும் நம்மவர்கள் கல்வெட்டுப் பயணம் போகிறார்கள். அப்போது கொடுக்கும் கையேட்டில் ஹொட்டூர் வாசகத்தையும், கவரவாட்டு வாசகத்தையும், நாகலையின் பெயர் வரும் மெய்க்கீர்த்தி வரிகளையும் சேர்த்து அச்சிட்டால் நாலு பக்கத்துக்கு மேல் ஆகாது. ஹொட்டூர்க் கல்வெட்டு எபிகிராபியா இண்டிகா 16ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. பெயர்க்க ஆள் தேட வேண்டியதுமில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறவர்கள், கல்லூரியில் பழங்கன்னடம் எடுத்தவர்களும் நம்மில் உண்டு. தெருவில் எவரோ வசையாகச் சொல்லி அவர்கள் இதை முதலில் கேட்பதைவிட, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நம் வாயால் கேட்பது மேல்.