அடைக்கோழியும் முட்டையோட்டின் நிறமும்: ஊவா மலைத்தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மலையகத்தின் வரலாற்றைக் கோப்பியினதும் தேயிலையினதும் வரலாறாக எழுதுவதே வழக்கமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கியமையும், 1893இல் புகையிரதப் பாதை அவ்வூரை எட்டியமையும், 1924இல் அது பதுளையை அடைந்தமையும் அவ்வரலாற்றின் மைல்கற்கள். ஆயினும் லயத்தின் பின்புறத்தில் வளர்ந்த கோழிக்கும் ஒரு வரலாறு உண்டு. நிலமும் லயமும் தோட்டத்திற்கே உரியனவாக இருந்த நிலையில், தொழிலாளி தனதென்று சொல்லத்தக்க சிறு செல்வங்களுள் கோழியும் ஒன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோதும், 1973-74இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளை விளைத்தபோதும், அச்சிறு செல்வத்தின் பெறுமதி சிறிதன்று எனலாம்.

வீட்டிற் குஞ்சு பொரிப்பித்தல் எளிய செயலாகத் தோன்றினும் நுட்பம் நிறைந்தது. அடைக்கோழியின் உடல் முட்டைக்கு ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பத்தை அளிக்கின்றது. அது முட்டைகளை நாள்தோறும் பலமுறை புரட்டுவதால் கரு ஓட்டோடு ஒட்டுவதில்லை. 21ஆம் நாளளவிற் குஞ்சு வெளிப்படும். அப்புத்தளையோ சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ள ஊர். அதன் குளிர், கோழி அடையில் அமரும்வரை சேர்த்து வைக்கும் முட்டைகளுக்கு நன்மை பயக்கும். அடைகாக்கும் காலத்திற் கோழி நெடுநேரம் நீங்கின் கருவுக்குக் கேடாகும். ஏழாம் நாளளவில் முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்து, செந்நரம்புகள் தெரியாத கூமுட்டையை விலக்குவது நல்ல முறை.

இனி, நிறம் பற்றி நோக்குவோம். ஓடு இயல்பில் வெண்ணிறச் சுண்ணமே. புரோட்டோபோபைரின் என்னும் நிறப்பொருள் அதன் மேற்புறத்திற் படியும்போது பழுப்பும், பிலிவேர்டின் ஓடு முழுவதும் கலக்கும்போது நீலமும் தோன்றும். நீல நிறம் ஆட்சியுடைய ஒரே பரம்பரையலகினாற் கடத்தப்படுவதை 1933இல் பனற் காட்டினார். பழைய வைரசு ஒன்றின் செருகலே அதற்குக் காரணம் என்பது 2013இல் அறியப்பட்டது. பழுப்போ பல அலகுகளின் கூட்டு விளைவு. ஆதலின் வெள்ளை முட்டையிடும் லெகோனையும் பழுப்பு முட்டையிடும் றோட் ஐலண்ட் றெட்டையும் கலந்தாற் பிறக்கும் பேடுகள் பெரும்பாலும் இடைப்பட்ட நிறத்தில் இடும்.

ஓட்டின் நிறம் இட்ட பேட்டினது, உள்ளிருக்கும் குஞ்சினதன்று. சேவல் முட்டையிடாதெனினும், அது பெற்ற அலகுகள் மறைந்து நின்று மகளிடம் வெளிப்படும். எனவே பேட்டின் முட்டையை மட்டும் பார்த்து இனம் பெருக்குவோர் பரம்பரையின் பாதியையே அறிந்தவராவர்.

நிறங்கண்டு விலை கூறுவது சந்தையின் இயல்பு. சத்தோ தீனியைப் பொறுத்ததேயன்றி நிறத்தைப் பொறுத்ததன்று. ஆனால் பரம்பரை வழியே வரும் பிறிதோர் இயல்பு நிறத்தினும் முக்கியமானது, அதுவே அடைகாத்தல். அடையிலிருக்கும் கோழி முட்டையிடுவதில்லை ஆதலின், மிகுந்த முட்டைக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட லெகோன் போன்ற இனங்களில் அவ்வியல்பு பெரிதும் அகற்றப்பட்டது. அவற்றை வளர்ப்போர் தலைமுறைதோறும் பிறிதோர் அடைக்கோழியையோ பொரிப்பகத்தையோ நாடவேண்டும். நாட்டுக்கோழி குறைவாக இடினும், பொறியும் மின்சாரமும் இன்றித் தன் வழித்தோன்றலைத் தானே தருகின்றது. நிலமற்றோர் வீட்டில் அவ்வியல்பே விதைநெல்லாகும். அதனைப் பேணுதல், பிறர் கையை எதிர்பாராது வாழும் உரிமையின் ஒரு சிறு பகுதியைப் பேணுதலாகும்.