ஓதமும் எபாக்சியும்: கார் நிறுத்தும் தரையின் கதை

அரால்டைட் தெரியாதவர் யாராவது உண்டா? ஒரு டியூபில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டையும் தீக்குச்சியால் குழைத்து, உடைந்த மிக்ஸி மூடியை ஒட்டி, ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி முழுக்க யாரும் தொடக்கூடாது என்று அப்பா மிரட்டி வைத்தது எல்லா வீட்டிலும் நடந்திருக்கும். இன்று மும்பையில் அடுக்குமாடிகளுக்குக் கீழே கண்ணாடி மாதிரி மின்னுகிறதே கார் நிறுத்தும் தரை, சாம்பல் நிறத்தில், மஞ்சள் கோடு போட்டு, ஃப்ளாட் நம்பர் எழுதி, அதுவும் இந்த அரால்டைட்டின் தம்பிதான். பெயர் எபாக்சி.

எங்கள் சொசைட்டியிலும் அதைப் போட வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. நான்தான் பொருளாளர். (பாங்கில் வேலை என்று தெரிந்தால் இந்தப் பதவியைத் தலையில் கட்டாமல் விடமாட்டார்கள்.) மூன்று கொட்டேஷன் வந்தது. மூன்றிலும் பளபளப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது, மழையைப் பற்றி ஒரு வரி இல்லை. பக்கத்து சொசைட்டி ஒன்றில் போட்ட எபாக்சி இரண்டாவது மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி பொரிந்து கிளம்பியதை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். செலவு சிங்கிங் ஃபண்டிலிருந்து போகும். மகாராஷ்டிராவின் மாதிரி உபவிதிப்படி, கட்டுமானச் செலவில் வருஷத்துக்குக் கால் சதவீதம் என்று சிறுகச் சிறுகச் சேர்க்கும் பணம் அது. எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் பென்ஷன்காரர்கள். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இது என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று படிக்க உட்கார்ந்தேன். நான் பி.காம். கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. அதனால் எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

கதை ஆரம்பிப்பது பல்செட்டில்! 1930-களில் சுவிட்சர்லாந்தில், பல் மருத்துவப் பொருட்கள் செய்யும் டி ட்ரே என்ற கம்பெனியில் பியர் காஸ்டன் என்றொரு வேதியியலாளர் இருந்தார். அச்சில் ஊற்றினால் இறுகும்போது சுருங்காத ஒரு பொருள் அவருக்கு வேண்டியிருந்தது. பல்செட் சுருங்கினால் வாயில் நிற்காதே. அவர் கண்டுபிடித்த ரெசின் அதிகம் சுருங்கவில்லை, கூடவே தொட்டதையெல்லாம் விடாமல் பிடித்துக்கொண்டது. பல் வியாபாரத்தில் அது எடுபடவில்லை. பாசல் நகரத்து சிபா கம்பெனி உரிமையை வாங்கி, 1946-ல் அங்கே நடந்த தொழில் பொருட்காட்சியில் அரால்டைட் என்ற பெயரில் வைத்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் டெவோ அண்ட் ரேனால்ட்ஸ் என்ற பழைய பெயிண்ட் கம்பெனியில் சில்வன் கிரீன்லீ என்பவர் இதே வழியில் வந்து சேர்ந்தார். அவர் பெயிண்ட்காரர் என்பதால் அவர் கண்ணுக்கு இது பூச்சாகத் தெரிந்தது. முதலில் இரும்புக்கு, டின் டப்பாவின் உட்புறத்துக்கு, பிறகு தொழிற்சாலைத் தரைக்கு, கடைசியில் வீட்டு கராஜுக்கு.

இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. மும்பையிலிருந்து சூரத் ரயிலில் போனால் வல்சாட் வரும் முன் அதுல் என்று ஒரு ஸ்டேஷன் வரும். கஸ்தூர்பாய் லால்பாய் தொடங்கி, நேரு 1952-ல் திறந்து வைத்த ரசாயனத் தொழிற்சாலையின் பெயர்தான் அந்த ஊருக்கு. பின்னால் சிபாவோடு சேர்ந்து சிபாதுல் என்ற கூட்டுக் கம்பெனி அங்கே எபாக்சி தயாரித்தது. நம் டியூப் அரால்டைட் வியாபாரமோ பல கை மாறி, 2020-ல் ஃபெவிகால்காரர்களான பிடிலைட் கையில் சுமார் 2,100 கோடி ரூபாய்க்கு வந்து நின்றது. பல்செட்டுக்கு உதவாத பிசினுக்கு இவ்வளவு விலை :-)

இனி தரைக்கு வருவோம். 1930-களில் மாட்டுங்கா, தாதர் பார்சி காலனி பக்கம் கான்கிரீட்டில் வளைவு வளைவான பால்கனியோடு வீடுகள் எழும்பியபோது, உள்ளே பதித்தது சிமெண்ட் டைல்கள். 1922-ல் சித்வா குடும்பத்தார் சுதேசி ஆர்வத்தில் தொடங்கிய பாரத் டைல்ஸ் இதில் பேர்போனது. சூளையில் சுடாமல், சிமெண்டையும் வண்ணப்பொடியையும் அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுக விடுவது. நம் ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாகனம் நிற்கும் இடத்துக்கு அந்த ஆடம்பரம் கிடையாது. ஷாஹாபாத் கல்தான். கர்நாடகத்தின் கலபுரகி பக்கத்திலிருந்து வரும் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். இல்லையென்றால் ஐ.பி.எஸ். என்று மேஸ்திரிகள் சொல்லும் இந்தியன் பேட்டன்ட் ஸ்டோன். பெயர்தான் பெரிது, விஷயம் வெறும் சிமெண்ட் ஜல்லித் தரை.

இந்தப் பழைய தரைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. கீழிருந்து வரும் ஓதத்தை அவை தடுப்பதில்லை, வழி விட்டுவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இணைப்பு வழியாக ஈரம் மேலே வந்து காற்றோடு போய்விடும். ஜூலையில் தரை கறுத்துக் கிடக்கும், ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், தீபாவளிக்குள் காய்ந்துவிடும். யாரும் கவலைப்பட்டதில்லை. இங்கே இதற்கு 'சீலன்' என்று பெயர். நம்மூர்ப் பாட்டிகள் 'ஓதம் அடிக்குது' என்பார்கள்.

ஸ்டில்ட் வந்தபின் கணக்கு மாறியது. தூண்களின் மேல் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தி, கீழே கார் விடும் இந்த அமைப்பை 1991-ன் மும்பை கட்டட விதிகள் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேர்க்கவில்லை. பில்டருக்கு அது இலவச இடம். அதையும் சில பில்டர்கள் கராஜ் என்று பெயர் சூட்டித் தனியாக விற்றார்கள். தஹிசரில் பாஞ்சாலி சொசைட்டி வழக்கில், நாலு தூணுக்கு நடுவிலுள்ள திறந்த இடம் சட்டப்படி கராஜ் ஆகாது, அதை பில்டர் தனியே விற்க முடியாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ன் ரேரா சட்டம் கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் வேண்டும் என்றே எழுதி வைத்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எபாக்சி டப்பாவின் மேல் படத்தில் இருப்பது அமெரிக்கக் கராஜ். நாலு பக்கமும் மூடி, ஷட்டர் போட்டது. நம்முடையது திறந்த வெளி. மழை சாரலடிக்கும், தெருத் தண்ணீர் ஏறும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது, இந்த ஊரில் எத்தனையோ ஸ்டில்ட்டுகள் குளமாயின.

ஆனால் மேலிருந்து விழும் தண்ணீரை எபாக்சி நன்றாகவே தாங்கும். அதன் எமன் கீழே இருக்கிறான். கான்கிரீட் பார்க்கத்தான் பாறை, உள்ளே முழுக்க நுண்துளை. மண்ணின் ஈரம் அதன் வழியே ஏறிக்கொண்டே இருக்கும். மேலே எபாக்சி போட்டு மூடினால் போக்கிடம் இல்லாமல் அடியில் தேங்கும். சிமெண்டின் காரத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். பக்கத்து சொசைட்டியில் அந்தக் கொப்புளத்தை ஆணியால் குத்தியபோது உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது. காண்டிராக்டர் மேலே எங்கேயோ பைப் லீக் என்றார்!

எவ்வளவு ஈரம்தான் வரும்? கால்சியம் குளோரைடு சோதனை என்று ஒன்று உண்டு. பல பூச்சுக் கம்பெனிகள் அதில் வைத்திருக்கும் வரம்பு: 1,000 சதுர அடிக்கு 24 மணி நேரத்தில் 3 பவுண்டு, அதாவது சுமார் 1.36 கிலோ தண்ணீர். எங்கள் ஸ்டில்ட் ஏறத்தாழ 4,000 சதுர அடி. ஒரு நாளைக்கு ஐந்தரை லிட்டர் போல ஆகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 122 நாளுக்கு 660 லிட்டர்! ஐந்நூறு லிட்டர் சின்டெக்ஸ் டாங்க் நிரம்பி வழியும். இவ்வளவும் 'பரவாயில்லை' என்று அனுமதித்த அளவு. இதைத் தாண்டினால்தான் ஆபத்தே.

அமெரிக்காவின் ஈரமான தென்கரையோரங்களில் புதுக்கட்டடத்தில் இதற்கு வைத்தியம் ரொம்ப மலிவு. கான்கிரீட் போடுவதற்கு முன் மண்ணின் மேல் தடித்த பாலிதீன் ஷீட் விரித்துவிடுவது. இந்தப் பாலிதீன் பிறந்ததும் எபாக்சியின் அதே பத்தாண்டில்தான். 1933-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில், கிப்சன், ஃபாசெட் என்ற இருவர் வேறு எதையோ செய்யப் போய், பாத்திரத்தின் அடியில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடைத்தது. போர்க்காலத்தில் ராடார் கேபிளுக்கு உறையாகி, பிறகு ஷீட்டாகித் தரைக்கு அடியில் போனது. என் அபிப்பிராயத்தில் கராஜ் தரையின் ஆயுளை முடிவு செய்வது மேலே தெரியும் எபாக்சி அல்ல, அடியில் தெரியாத இந்த ஷீட்தான். அது இல்லாத தரையில் எபாக்சி போடுவது, வில்லங்கம் பார்க்காமல் வீட்டுக் கடன் கொடுக்கிற மாதிரி.

மேற்பக்கத்துக்கும் மழைக்காலம் ஆகாது. ஹார்டனரில் இருப்பது அமீன் என்ற வகை. அது ரெசினோடு சேருவதற்குள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்துகொண்டால், மேலே வெளிறிய பிசுபிசுப்பு படியும். அடுத்த கோட் அதன் மேல் ஒட்டாது. அதனால் தரையின் சூடு, காற்றில் பனி கோக்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும் என்பது விதி. ஜூலையில் மும்பைக் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்தால் பனி கோப்பது சுமார் 27 டிகிரியில். நிழலில் கிடக்கும் தரையோ 28, 29 டிகிரி இருந்தால் உண்டு. ஆக அப்போது டப்பாவைத் திறக்கவே கூடாது. எங்களுக்கு வந்த கொட்டேஷனில் ஒன்று 'ஆடி ஆஃபர்' ரகம், மழைக்காலத் தள்ளுபடி. ஆள் சும்மா இருக்கும் சீசனில் வேலை பிடிக்கிறார்கள்.

தடிமனையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரோலரில் இரண்டு கோட் அடித்தால் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட வராது. ஊற்றிப் பரப்பும் வகை 2, 3 மில்லிமீட்டர். இரண்டுக்கும் பெயர் எபாக்சிதான். அடிக்கும் முன் தரையை மெஷினால் உரசி, மேலே படிந்த சிமெண்ட்பால் ஆடையை எடுக்க வேண்டும். அதை எடுக்காவிட்டால், ஓடிவந்த காரின் சூடான டயர் நிற்கும் இடத்தில் பூச்சு டயரோடு உரிந்து வரும். வெயில் நேராக விழும் ஓரம் மஞ்சளாகும்.

மீட்டிங்கில் யாரும் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அமீனும் ரெசினும் வெறும் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்குத் தீராத ஒவ்வாமை வந்துவிடும். ஒரு முறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலே கை புண்ணாகும், அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான். பக்கத்து சொசைட்டியில் அடித்த பையன்கள் ரப்பர் செருப்போடு, கையுறை இல்லாமல், தின்னரில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கையுறைக்கு என்ன செலவாகப் போகிறது? எங்கள் டெண்டரில் அதைத் தனி வரியாகச் சேர்த்திருக்கிறேன்.

மாற்று வழியும் இல்லாமல் இல்லை. ஈரத் தரைக்கென்றே தனி ப்ரைமர் உண்டு, விலை அதிகம். 1960-களின் கடைசியில் அதே ஐ.சி.ஐ. கொண்டுவந்த, சிமெண்டும் பாலியூரித்தேனும் கலந்த தளம் இன்னொன்று. எப்போதும் ஈரமாகக் கிடக்கும் பால், உணவுத் தொழிற்சாலைகளில் போடுகிறார்கள். நாலு கார் நிற்க அது வேண்டுமா என்பது கேள்வி. மூன்றாவது, பழைய ஷாஹாபாத் கல்லையே திரும்பப் பதிப்பது. என் ஓட்டு அதற்குத்தான். செகரட்டரிக்கு அது 'பழைய பில்டிங் லுக்'.

முடிவெடுக்கும் முன் செய்யக்கூடிய சுலபமான சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். அடியில் முத்து முத்தாக நீர் கோத்தாலோ, தரை கறுத்தாலோ எபாக்சிக்கு இடமில்லை. ஆகஸ்டில் ஐந்து இடத்தில் ஒட்டினோம். நாலில் தண்ணீர். வாட்ச்மேன் அறை வாசலில் ஒட்டியதில்தான் அதிகம், உள்ளங்கையில் வழித்து எடுக்கலாம் போல. அவர் தினமும் அதற்குப் பக்கத்தில்தான் பாய் விரிக்கிறார். அவருக்கு ஒரு கட்டில் வாங்க அன்றைக்கே ஒப்புதல் வாங்கிவிட்டேன், அதற்கு ஜெனரல் பாடி தேவைப்படவில்லை.

தரை விஷயம் ஜெனரல் பாடிக்குப் போகிறது. அதற்காக பில்டர் கொடுத்த பழைய வரைபடங்களைத் தேடி எடுத்தேன். ஸ்டில்ட் தரையின் குறுக்குவெட்டு அதில் இருக்கிறது. கீழே மண் நிரப்பு, அதன் மேல் ரபிள் சோலிங், அதன் மேல் பி.சி.சி. ஷீட் என்று எங்கேயும் இல்லை.