அயல்நாட்டு ஆசானின் தகுதி

பெஹாலாவில் வாழும் தமிழர்களாகிய நாம் ஜேம்ஸ் லாங் சரணி வழியே அடிக்கடி செல்கின்றோம். அப்பெயருக்குரியவர் யாரென எண்ணிப் பார்ப்பவர் நம்மிற் சிலரே.

அந்நிய நாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோரிடம் இன்று பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் கேட்கப்படுவது வழக்கம். பழைய கல்கத்தாவிலோ அத்தகைய பொது அளவுகோல் இருந்ததில்லை. கடிகாரத் தொழிலுக்காக 1800-இல் வந்த டேவிட் ஹேர், 1817-இல் இந்துக் கல்லூரி தோன்றத் துணைநின்றார்.

அயர்லாந்தில் 1814-இல் பிறந்த லாங், பாதிரியாராக 1840-இல் கல்கத்தா வந்து, ஆங்கிலப் பள்ளியொன்றிற் கற்பித்தார். ஆயினும், மக்களுக்குத் தாய்மொழி வழியே கல்வி வேண்டும் என்பது அவர் கொள்கையாயிற்று. வங்கமொழியைக் கற்றுத் தேர்ந்தார். பெஹாலாவை அடுத்த தாக்கூர்புகூரில் தாய்மொழிப் பள்ளி நடத்தினார். வங்கப் பழமொழிகளைத் திரட்டினார். 1855-இல் சுமார் 1,400 வங்க நூல்களுக்கு விவரப் பட்டியல் வெளியிட்டார்.

அவுரி பயிரிட்ட குடியானவர்களின் துயரைக் கூறும் நாடகம், தீனபந்து மித்திரரின் 'நீல் தர்ப்பண்'. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக 1861-இல் லாங்குக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத்தைச் செலுத்தியவர் காளிபிரசன்ன சிங்கர் என்னும் வங்காளி.

இவ்வூர் மக்கள் அவரைத் தம்மவராக ஏற்றது எச்சான்றிதழையும் கண்டன்று. அவர் தம் மொழியைக் கற்றதையும் தம் துயரிற் பங்குகொண்டதையும் கண்டே. பிழைப்பு நாடி இங்கு வந்த நாமும் இல்லத்தில் தமிழை வளர்ப்போம். வீதியில் வங்கம் பேசப் பழகுவோம். நம் மக்களையும் அவ்வாறே பழக்குவோமாக.