பின்னணி இழை (நிரலாக்கம்)

பின்னணி இழை என்பது மேசைக்கணினி மென்பொருளில் நேரம் பிடிக்கும் வேலைகளைப் பயனர் இடைமுகத்தில் இருந்து பிரித்துத் தனியே செய்யும் இழை ஆகும். கோப்புகளைப் படித்தல், தரவுத்தளத்தில் தேடுதல், வெளிக்கருவிகளிடம் இருந்து தரவு பெறுதல் முதலியவை நடைபெறும்போதும் சாளரம் உறையாமல் இருக்க இது உதவுகிறது.

உறைவதன் காரணம்

சுட்டியின் சொடுக்கு, விசை அழுத்தம், சாளரத்தை மீண்டும் வரைதல் ஆகிய யாவும் நிகழ்வுகளாக ஒரு வரிசையில் சேர்கின்றன. ஒரே ஓர் இழை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கையாளுகிறது. ஒரு பொத்தானுக்குரிய நிரல் 20 நொடிகள் எடுத்துக்கொண்டால் பின்னால் நிற்பவை அனைத்தும் அதுவரை காத்திருக்கும். 5 நொடிகளுக்குச் செய்தி எதையும் எடுக்காத சாளரத்தை விண்டோஸ் இயங்குதளம் செயலற்றதாகக் கருதுகிறது. உள்ளே வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தாலும் பயனர் அதனை அறிய வழியில்லை. நிரலை வலிந்து மூடிவிடுவதே வழக்கம். 0.1 நொடிக்குள் கிடைக்கும் விடை உடனடியானதாகத் தோன்றும் என்றும், 10 நொடிகளுக்கு மேல் பயனரின் கவனம் நிலைக்காது என்றும் யாக்கோப் நீல்சன் 1993 இல் எழுதினார்.

எடைமேடை: ஓர் எடுத்துக்காட்டு

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருட்டிணகிரி பகுதிகளில் கருங்கல், இரும்பு ஏற்றிய லாரிகள் எடைமேடைகளில் நிறுக்கப்படுகின்றன. எடைகாட்டும் கருவி தொடர் துறை வழியாகக் கணினிக்கு எண்களை அனுப்பும். இடைமுக இழையே அத்துறையைப் படிக்குமாறு எழுதினால், கம்பி கழன்றவுடன் வராத எண்ணுக்காக நிரல் முடிவின்றிக் காத்திருக்கும். டாட் நெட் தொடர் துறை வகுப்பில் காத்திருப்பு வரம்பு இயல்பாகவே முடிவிலியாக வைக்கப்பட்டுள்ளது.

விசுவல் பேசிக் நிரலர்கள் இதற்கு 'டூஈவென்ட்ஸ்' என்ற கட்டளையைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தினர். வேலையின் நடுவே வரிசையில் உள்ள நிகழ்வுகளை இது கையாளச் செய்யும். ஆனால் பொறுமையிழந்து மீண்டும் அழுத்தப்பட்ட 'பதிவு செய்' பொத்தானும் அந்நிகழ்வுகளுள் ஒன்று. விளைவு, ஒரே லாரிக்கு இரண்டு எடைச்சீட்டுகள். பணம் எடைச்சீட்டின்படி கொடுக்கப்படும் இடத்தில் இது சிறு பிழை அன்று.

முறையான தீர்வு, பின்னணி இழை துறையைப் படித்து, எண்ணை இடைமுக இழையின் வரிசையில் இட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடர்வதாகும். இட்டபின் காத்திருந்தால் சிக்கல் உண்டு: பயனர் துறையை மூடும்போது இடைமுக இழை பின்னணி இழைக்காகவும், பின்னணி இழை இடைமுக இழைக்காகவும் காத்து நிற்கும். இது முட்டுக்கட்டை நிலை எனப்படும்.

ஒற்றை இழை விதி

பின்னணி இழை திரையை நேரடியாக மாற்றக்கூடாது. பல இழைகள் தொடக்கூடிய இடைமுகங்களை உருவாக்கும் முயற்சிகள் பெரும்பாலும் தோல்வியுற்றன. பயனரின் உள்ளீடு இயங்குதளத்தில் இருந்து மேல்நோக்கியும், நிரலின் கட்டளைகள் கீழ்நோக்கியும் செல்வதால் பூட்டுகள் எதிரெதிர் வரிசையில் இடப்படுகின்றன; முட்டுக்கட்டை ஏற்படுகிறது. சன் நிறுவனத்தின் கிரகாம் ஆமில்டன் 2004 இல் இதனை விளக்கினார்.

கருவிகள்

டாட் நெட் 2.0 (2005) 'பேக்கிரவுண்டு வொர்க்கர்' வகுப்பையும், ஜாவா 6 (2006) 'ஸ்விங் வொர்க்கர்' வகுப்பையும் அளித்தன. 2012 இல் வெளிவந்த சி ஷார்ப் 5.0 மொழியின் 'அசிங்க்', 'அவெயிட்' சொற்கள் இவ்வேலையை மேலும் எளிதாக்கின.

வேலையை நிறுத்துதல்

ஓர் இழையை வெளியில் இருந்து கொல்வது தரவைப் பாதியில் விட்டுவிடும். ஜாவாவில் இதற்கான கட்டளை 1998 முதலே கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டுள்ளது. நிறுத்தக் கோரும் குறி ஒன்றை வைத்து, பின்னணி இழை அதனை அவ்வப்போது பார்த்துத் தானாக முடித்துக்கொள்ளுமாறு எழுதப்படுகிறது.