எலிப் பாஷாணம் ஔஷதமான கதை

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துப் பனிப்புயலினூடே, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்துக் குடியானவர் ஒருவர், கெட்டுப்போன குளோவர் வைக்கோலைத் தின்று மாண்ட பசுவையும், பால்கேனில் உறையாத இரத்தத்தையும் மாடிசன் சர்வகலாசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததிலிருந்தே, இருதய நோயாளிகள் பலர் இன்று இரத்தம் உறையாதிருக்க நித்தியம் உட்கொள்ளும் வார்ஃபரினின் சரித்திரம் தொடங்குகிறது. அங்கிருந்த ஆராய்ச்சியாளர் கார்ல் பால் லிங்கின் குழுவினர் அவ்வைக்கோலை ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்த இவ்வஸ்து, 1948-இல் எலிப் பாஷாணமாகக் கடைக்குப் போய், 1955-இல் மாரடைப்புக்குள்ளான ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே ஔஷதமாயிற்று என்பது வைத்திய உலகின் விசித்திரங்களுள் ஒன்று.

வார்ஃபரினின் ஜன்ம விரோதியோ, கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளை வைத்துக் கண்டறிந்ததும் இரத்தம் உறைய உதவுவதுமான கே வைட்டமின். 1951-இல் அந்தப் பாஷாணத்தை விழுங்கிய படைவீரர் ஒருவரைப் பிழைக்கவைத்ததும் அதுவேயாகையால், வார்ஃபரின் உண்பவர் வைத்தியரைக் கேளாமலே சேர்த்துக்கொள்ளும் சத்து மாத்திரையில் அது கலந்திருப்பின், மருந்தின் வலு குன்றி, இரத்தம் மீண்டும் உறையத் தலைப்படுகிறது.